கோரம் பதினொன்று

ஞாயிறு மூன்று மணி.
செக்காலை ரோட்டில் மருந்துக்கடை மாடி.
வாடகை இல்லை, மின்விசிறிக்கு மட்டும் முப்பது ரூபாய்.
டயாலிசிஸ் செவிலியர் சங்கம், காரைக்குடி வட்டக் கிளை,
உறுப்பினர் பதினேழு பேர்.
வந்தவர்கள் பத்து.

விதிப்புத்தகம் ஆறாம் பக்கம்:
பதினொருவர் இருந்தால்தான் கோரம்.
அடைக்கலம் அதை வாசிக்கும்போதெல்லாம்
ரஹ்மத் சிரிப்பாள்,
இருந்தாலும் கோரம்தானே நம்ம பொழப்பு.

செயலாளர் நான்.
மிச்ச ஏழு பேர் எங்கே என்று எனக்குத் தெரியும்.
இரண்டு பேர் இரவு டூட்டி முடித்துத் தூக்கம்.
ஒருத்திக்குப் பள்ளத்தூரில் வளைகாப்பு, அவளுக்கே.
மூவர் மெஷின் பக்கத்தில்.
சிகப்பி வரமாட்டாள்,
அவளைப் பற்றித்தான் கூட்டம்.

தேவகோட்டையில்
ஐந்தாவது மெஷினுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்
பவுலினைப் போனில் பிடித்தோம்.
ஸ்பீக்கரைப் போட்டு
எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினால் கணீரென்று கேட்கிறது.
"இருக்கேன்க்கா, எழுதிக்கோங்க."
பதினொன்று என்று எழுதினேன்.

சிகப்பியின் மெமோவை வாசித்தேன்:
பணியில் கவனக்குறைவு.
மெமோவில் இல்லாததையும் வாசித்தேன்.
அதிகாலை இரண்டே கால்.
ஏழு மெஷின், ஒருத்தி.
குளிருது என்று புதுவயல் லாரி டிரைவர்
ஃபிஸ்டுலா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.
உள்ளே ஊசி நழுவியது.
மெஷினுக்குத் தெரியவில்லை.
போர்வை ஓரம் சிவந்ததைப் பார்த்தவள் சிகப்பி,
அழுத்திப் பிடித்தபடியே
காலால் ஸ்டூலை உதைத்து ஆளை எழுப்பியவளும் அவள்தான்.
டிரைவர் இப்போதும் செவ்வாய், வெள்ளி வருகிறார்.
அவளுக்கென்று நெல்லிக்காய் கொண்டுவருகிறார்.

தீர்மானம் ஒன்று,
மெமோவைத் திரும்பப் பெற வேண்டும்.
இரண்டு,
நான்கு மெஷினுக்கு ஒருவர் வேண்டும்.
ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்.

யாரும் எழவில்லை.

குறை சொல்ல மாட்டேன்.
பத்தில் எட்டுப் பேர் ஒப்பந்தம்.
பதினோரு மாதம் முடிந்தால் ஒருநாள் இல்லாமல் போய்
மறுநாள் புதுசாய்ப் பிறக்க வேண்டும்.
பரமேஸ்வரி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
தீர்மானம் எழுதிய நானும்
உட்கார்ந்துதான் இருந்தேன்.

அப்போது டம்ளருக்குள்ளிருந்து அலாரம்.

பெற்ற பிள்ளை அழுவது மாதிரி என்று சொல்லலாம்,
ஆனால் பிள்ளை அழுது
இவ்வளவு வேகமாய் நாங்கள் எழுந்ததில்லை.
பத்து நாற்காலியும் பின்னால் இழுபட்டன.
அடைக்கலத்தின் கை காற்றில் கிளாம்பைத் தேடியது.
ரஹ்மத் கதவு வரை போய்விட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. லைன் மடங்கியிருந்துச்சு."

நின்றபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நான் குனிந்து மினிட் புத்தகத்தில் எழுதினேன்:
வந்திருந்த அனைவரும் எழுந்து நின்று ஆதரித்தனர்.
சத்தமாய் வாசித்தேன்.
திருத்தம் உண்டா என்று கேட்டேன்.

யாரும் உட்காரவில்லை.

மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று
கொஞ்ச நேரம் இழுத்தது.
முதல் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.
பரமேஸ்வரிதான் போனை வெளியே எடுத்து
டம்ளரைக் கவிழ்த்துக் காகிதத்தில் வட்டம் போட்டாள்.
சுற்றிச் சுற்றிப் போட்டோம்,
சிலருடையது தலைகீழாய்.
ரஹ்மத்துக்கும் எனக்கும் நடுவே
பவுலினுக்கு ஒரு விரற்கடை இடம்.

செலவு: பணியாரம் இருநூற்று இருபது,
ஜெராக்ஸ் பதினெட்டு.
காகிதத்தைத் தேவகோட்டை கொண்டுபோனது அடைக்கலம்,
ஆறு மணி டவுன் பஸ்ஸில்.
எங்களில் டிக்கெட் வாங்க வேண்டிய ஒரே ஆள் அவன்தான்.
அதையும் கணக்கில் எழுதியிருக்கிறேன்.