பாகாயம், மூன்றாவது டிரிப்

நீ கடந்துவிட்டாய்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
உனக்கு ஒன்றும் ஆகவில்லை.
தொரப்பாடியில், மஞ்சள் துப்பட்டா,
ஒரு தோளில் சரிந்த பை.
வலது கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
மற்றதெல்லாம் மெல்ல நடந்தது.
எதற்கோ சிரித்தாய்.
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாய்.

ஆர்ன் அடித்தேன். கேட்டிருக்காது,
காதில் வெள்ளையாய் ஏதோ செருகியிருந்தாய்.

இருபத்தாறு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன்.
பிரேக்கை முதலில் மிதிப்பது வயிறு.
கால் பிறகுதான் போய்ச் சேரும்.

உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது.
பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய
வங்காளத்துக்காரர், பக்கத்தில் மனைவி,
தையல் பிரித்து இரண்டு நாள்தான் இருக்கும்.
எக்ஸ்ரே உறை டிரைவர் சீட்டுவரை பறந்து வந்தது.
அந்த அம்மா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால்
கம்பியைப் பிடிக்கக் கை இல்லை.
அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.
அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.
ஒரு சொல்கூட விடாமல் புரிந்தது.

மடியில் முட்டை அட்டை வைத்திருந்த பையன்
எத்தனை மிஞ்சியது என்று எண்ணவே இல்லை.
கன்னியப்பன் படியில் தொங்கிக்கொண்டு
"இன்னா மேடம், இது ரோடா, உங்க வூட்டுக் கூடமா?"
என்று கத்திவிட்டு
ஓட்டேரி தாண்டும்வரை சீட்டுக்கடியில் சில்லறை பொறுக்கினான்.
பதினேழு ரூபாய் குறைந்தது.

பாகாயத்தில் வண்டியை ஓரங்கட்டினேன்.
டீ வந்தது. தூக்கினால் சிந்தும் என்று
டம்ளரை மேசையிலேயே விட்டேன்.
மணி ஐந்து நாற்பது.
தினமும் இந்த நேரத்தில்தான் ரேணுவைக் கூப்பிடுவேன்,
காலேஜ் விட்டுப் பஸ் ஏறிவிட்டாளா என்று.
ஒரே மணியில் எடுத்துவிடுவாள், நல்ல பிள்ளை.

"சொல்லுப்பா."
அவள் குரலுக்குப் பின்னால் ஒரு லாரியின் ஆர்ன்.
ஒரு ஆட்டோ. இன்னொன்று, மிகப் பக்கத்தில்.
"எங்கம்மா இருக்க?"
"காட்பாடி ஸ்டேஷன் எதிர்ல,
ரோட்டத் தாண்டிகினு இருக்கேன்பா. சொல்லு."

இரண்டு வருடம்.
அத்தனை சாயங்காலமும்.

கட் செய்தேன்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள்.
தாண்டிவிட்டாள் என்று அர்த்தமா,
நடு ரோட்டில் குனிந்து என் பெயரை அழுத்துகிறாள் என்றா?
எடுத்தால் பேசுவாள்.
எடுக்காவிட்டால் மறுபடி அழுத்துவாள்.
போன் அதிர்ந்து அதிர்ந்து
மேசையில் தானாக நகர்ந்து டம்ளரைத் தொட்டது.
"யாருண்ணா?" என்றான் கன்னியப்பன்.
பதில் சொல்லவில்லை.

மணி நின்றது.
அது அடித்துக்கொண்டிருந்ததே தேவலை.

டீயில் ஆடை படிந்து சுருங்கியது.
அவன் நாலாவது டிரிப்புக்கு விசில் ஊதினான்.
எழுந்திருக்கக் கால் இல்லை எனக்கு.
அப்புறம் திரை ஒருமுறை வெளிச்சமானது:
"பஸ் ஏறிட்டேன். ஏன் கட் பண்ண? கோபமா?"

மஞ்சள் துப்பட்டா,
உன்னைத் திட்டத்தான் இதை ஆரம்பித்தேன்.
தொரப்பாடியில் உன்னைச் சிரிக்கவைத்தவர்
எந்த ஊரில், எந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தாரோ.
அவருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கும்.

இப்போதெல்லாம் ஆறரைக்குத்தான் கூப்பிடுகிறேன்.
செருப்பைக் கழற்றியிருப்பாள்.