நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

மேடைக்குப் போகும் பின்கதவின் அகலம்
தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
சிறகுகளை அளக்கவில்லை.

ஓவ்லு நகரம், பிப்ரவரி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறார்கள்
ஒரு டிராகன், இரண்டு சூனியக்காரிகள்,
கவசத்துக்கு மேல் அப்பாவின் மீன்பிடி அங்கியைப் போட்டுக்கொண்டு
ஒரு படைத்தளபதி.
இந்தக் குளிரில் நுரைப்பலகை அப்பளம்;
வாசலிலேயே ஒரு கொம்பு முறிந்து
பனியில் குத்திட்டு நின்றது.
கார் நிறுத்த வந்த யாரோ எடுத்து நீட்டினார்:
"இது உங்களுடையதா?"
விழுந்த சாவிக்கொத்தைத் திருப்பித் தருகிற குரலில்.

என் இடுப்புப் பையில் அறுபது ஊக்கு,
இருபுறமும் ஒட்டும் நாடா, கருப்பு நூல்,
மதியத்துக்கென்று எடுத்துவைத்த ஒரு வாழைப்பழம்.
காதுக் கருவியில் இல்மோ:
"ஹில்ப்பா, பதினொன்றாம் எண் அனுப்பிய கோப்பில் பாட்டு இல்லை.
பல் மருத்துவரின் ரசீது இருக்கிறது."

ஆயுதச் சோதனை மேசையில் ஸைமி.
ஆறடிக் கோடரியை வளைத்துப் பார்த்து
முகர்ந்தும் பார்த்துவிட்டு
பிடியில் ஆரஞ்சு நாடா சுற்றுகிறாள்,
காப்புக் கட்டுவதுபோல.
இனி அது யாரையும் வெட்டாது.

போட்டிக்கு முன்பு ஆடை அணிவகுப்பு.
இதற்கு மதிப்பெண் கிடையாது,
அதனால்தான் சண்டை அதிகம்:
யார் முதலில், யார் கடைசியில்,
யாருடைய பாவாடையை யார் மிதித்தது.
ராகேலுக்கு ஐம்பத்தெட்டு வயது.
எட்டாம் எண் பேருந்து ஓட்டுகிறாள்.
இன்று பதினான்கு அடுக்கு லேஸ், தலையில் ஒரு பாய்மரக் கப்பல்.
மேடை நுனிக்கு வந்தவள்
இடப்பக்கக் கண்ணாடி பார்த்தாள்,
வலப்பக்கக் கண்ணாடி பார்த்தாள்,
நிதானமாக வளைந்து திரும்பினாள்.
அரங்கில் பாதிப்பேர் அவள் பேருந்தில் வந்தவர்கள்.
சிரிப்பு அடங்க
இரண்டு நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டேன்.

பதினொன்றாம் எண் பாட்டில்லாமலே வந்தான்.
இடிமுழக்கம், குதிரை, மழை எல்லாம்
வாயாலேயே செய்தான்,
புதிதாக அடைத்த பல்லோடு.

இருபத்துமூன்றாம் எண் ஐனிக்கி.
காபி வடிகட்டும் தாளில் செய்த இறகுகள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
சாயமிட்டதும் காபியில்தான்.
உள்ளே வந்தபின் முதுகில் பொருத்தி
மூட்டுகளைப் பசையால் அடைத்திருந்தாள்.
நூற்றுப் பதினெட்டு.
"மடங்குமா?"
"மடங்காது."
"பக்கவாட்டில் போனால்?"
வாலைக் காட்டினாள்.

அதற்குள் அவள் பாட்டு தொடங்கிவிட்டது.
பாட்டு தொடங்கினால் நேரம் தொடங்கும்,
விதி ஒன்பது.
எழுதியவள் நான்.

வெற்று மேடையில் வெளிச்சம் யாரையோ தேடியது.
அவள் சரக்குக் கதவைத் தூக்கி வெளியே ஓடினாள்,
பின்னால் நான், கையில் அவள் செருப்பு.
கட்டடத்தைச் சுற்றி முழங்கால் பனி.
முன்வாசல் இரட்டைக் கதவை நான் திறந்தபோது
பாட்டு முடிந்திருந்தது.
கூட்டத்தின் முதுகுப்பக்கமிருந்து அவள் நடந்தாள்.
ஒருவர் திரும்ப, ஒரு வரிசை திரும்பியது.
இறகு நுனிகளில் உறைபனி;
அந்தச் சத்தமின்மையில்
தாள் தாளோடு உரசுவது மட்டும்
கடைசி நாற்காலிவரை கேட்டது.

நடிப்புக்குப் பூஜ்யம்.
நடுவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
நான் விதித்தாளைப் பார்த்தேன்.
பூஜ்யம்தான்.
மூன்றாம் பரிசு பல்காரனுக்கு.
ஐனிக்கி கைதட்டினாள்; என் பக்கம் பார்க்கவில்லை.

இரவு பத்தரைக்கு, நசுங்கிய வாழைப்பழத்தைத் தின்றபடி
அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்:
உங்கள் அதிகபட்ச அகலம் என்ன?
"மனிதர்களிடம் இப்படிக் கேட்கலாமா?" என்றான் இல்மோ.

வெளியே நிறுத்தத்தில்
சிறகைக் கழற்ற மனமில்லாமல் அவள்.
பக்கத்தில் ராகேல்,
கப்பலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சொல்லிக்கொண்டிருந்தாள்:
"எட்டாம் எண்ணின் நடுக்கதவு நூற்றிருபது.
நேராகவே ஏறு."