ரெக்கோட் இரிக்கா

லீசிங் கம்பனிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒருவன் கேட்கக்கூடாத கேள்வி அது என்று
மூன்றாவது வீட்டில்தான் விளங்கியது.

ஓந்தாச்சிமடத்தில் ஒரு தாய்
கோழிக்குக் குருணல் போட்ட கையைத் துடைத்துவிட்டு
உள்ளே போனாள்.
அலுமாரி திறக்கும் சத்தம்.
திரும்பி வந்த கையில்
லேமினேட் செய்த ஒரு தாள்,
முத்திரையும் கையெழுத்தும் பழைய திகதியுமாக.
"எங்கட பொடியனுக்கு ரெக்கோட் ஒண்டும் இல்ல மனே,
இஞ்ச பாருங்க, பொலிசே எழுதித் தந்திரிக்கி."

பாட்டுத் தட்டு அம்மா, பாட்டுத் தட்டு,
கறுப்பாய், வட்டமாய் என்று
காற்றில் விரலைச் சுழற்றிக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
தாளை வாங்கி
இரண்டு பக்கமும் ஊதித் துடைத்தாள்.

அதற்குப் பிறகு
தவணைப் புத்தகத்தில் முத்திரை குத்தி முடித்து,
தண்ணீர் வாங்கிக் குடித்து,
அந்தக் காலத்துப் பாட்டுப் பெட்டி ஏதும், என்று இழுப்பேன்.

மருதமுனையில் ஒரு தட்டு
பால்ச்சட்டிக்கு மூடியாய் இருந்தது.
ஆவி போக ஓட்டையும் இருக்கிறதே என்றாள் ராத்தா,
நியாயம்தான்.
பாசிக்குடா ஹோட்டலில் ஒன்று மணிக்கூடு.
சம்மாந்துறையில், கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும்
கோயில் திருவிழாவுக்கும்
ஒரே குழாயில் பாடிய சவுண்ட் சேர்விஸ் கொட்டிலில்
உறைகளை எலி தின்றிருந்தது,
பாட்டு அதற்குப் பிடிக்கவில்லைப் போலும்.
ஜெமீல் நாநா கிலோ விலை சொன்னார்.
நெல் நிறுக்கிற தராசில் ஏறி இறங்கின
முப்பது வருடத்து மாப்பிள்ளை ஊர்வலங்கள்.

டச்பாரில் வில்பிரட் றேகல்.
ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்.
ஆட்டோவுக்கு இரண்டு மாத நிலுவை.
என்னைக் கண்டதும் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்,
நான் கேட்காமலே.
பிறகு நான் கேட்டேன்.

நூற்றுச் சொச்சம் இருந்ததாம்.
கடல் வந்து எல்லாவற்றையும் எடுத்து
மூன்றாம் நாள் ஒன்றைத் திருப்பித் தந்ததாம்,
பக்கத்து வீட்டுக் கிணற்றடியில், மணலுக்குள்.
பேர் எழுதின கடதாசி கழுவிப் போய்விட்டது.
வெயிலில் கொஞ்சம் வளைந்தும் விட்டது.
கப்பலில் சமையல் செய்த மாமா கொண்டு வந்தது;
திரினிடாட் என்பாராம் மனுசன்,
குடித்தால் ஜமேக்கா.

"ரெண்டு மாசத்தையும் கழிச்சிட்டுக் கொண்டு போ."

ரசீதில் திகதி மட்டும் எழுதினேன்.
பணம் என் பையிலிருந்துதான் போக வேண்டும்.
பேரில்லாத, வளைந்த ஒரு தட்டு,
இதைக் காட்டினால்
கொழும்புக்காரர் ஐந்நூறு தருவார்களா?
போட்டுப் பார்க்காமல் எப்படி என்று
பெட்டரிப் பிளேயரைத் திறந்தேன்.

முள் ஏறியது, இறங்கியது,
முகத்துவாரத்தைக் கடக்கும் தோணி மாதிரி.
முதலில் மணல் பாடியது.
பிறகு தகரத்துக்குள் மழை,
மழைக்குள் ஓர் ஆண்குரல்,
எங்கோ ஒரு தீவில் யாரையோ கேலி செய்கிற குரல்.
"எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டிச் செய்யிற மேளம்" என்றார் றேகல்.

எனக்குத் தெரிந்த பீப்பாய்கள்
மண் நிரப்பிக் கல்லடிப் பாலத்தில் நின்றவை.
மஞ்சளும் கறுப்பும் அடித்திருக்கும்.
அவற்றுக்குப் பக்கத்தில் சைக்கிளை உருட்டி, தொப்பி கழற்றி,
பேர் சொல்லத்தான் பழகியிருந்தோம்.
அடித்தால் பாடும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பாதியில் முள் சிக்கியது.
ஒரே சொல்.
திரும்பவும் அதே சொல்.
ஊரா, ஆளா தெரியவில்லை,
கேட்கிறவனுக்குக் கேட்கவில்லை என்று
மறுபடி மறுபடி சொல்கிற மாதிரி.

றேகல் குனிந்தார்.
ஒயில் படிந்த சின்ன விரலால்
முள்ளை ஒரு மயிரளவு தள்ளிவிட்டு,
"சரி, போ" என்றார்
பாட்டிடம்.