நாலு கட்டம்

மாங்குளம் சந்தியில் இறக்கும்போது
கொண்டக்டர் கேட்டான், "ரீவியா அக்கா?"
"ஓம்" என்றேன்.
எட்டுக் கிலோ.
மல்லாவி பஸ் வரும்வரை மடியில் வைத்திருந்தேன்,
கண்ணாடிப் பக்கம் வயிற்றோடு.

கைநூல் இல்லை. விற்றவன் தரவில்லை,
அவனுக்கும் ஆரோ தரவில்லை.
இருபத்தெட்டுத் திருகிகள்.
முதல் இரவு ஒரு பச்சைப் புள்ளி மட்டும் வந்தது.
அது திரையைச் சுட்டுவிடுமோ என்று
உடனே நிற்பாட்டினேன்.

இரண்டாம் கிழமை புள்ளி கோடாயிற்று.
கோடு அலையாயிற்று, ஆனால் நில்லாமல் ஓடிற்று,
ஏ-ஒன்பதில் இரவு பஸ்கள் போகிற மாதிரி.
ட்ரிகர் என்றிருந்த திருகியை
ஒரு நெல்லளவு இடப்பக்கம் திருப்ப
நின்றது.
அதுவரைக்கும் கடையில் தனியே இருந்து
"நில், நில்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
பக்கத்துத் தையல்கடை யசோதினி
எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் சுபாகரனால்.
சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறான்:
கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி.
நான் செய்து கொடுத்த அம்பிளிபயரை
மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்தான்.
"அக்கா, இதுக்குள்ள வண்டு நிக்குது."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு
விளக்கம் எழுதத் தேவையில்லை.
கேட்டதும் ஆரும் ஒருமுறை மேலே பார்ப்பார்கள்.
நானும் பார்த்தேன். தகரம். பல்லி.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
என் இடக்காது இரண்டாயிரத்து ஒன்பதோடு சரி.
வலக்காது தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும்.
காதால் ஏலாததைக் கண்ணால் செய்யலாமென்றுதான்
சீட்டுக் காசை எடுத்தேன்.

பிழைகளையும் சொல்லவேண்டும்.
எர்த் கிளிப்பைக் கரண்ட் நின்ற கம்பியில் கொளுவி
ஒரு வெடி, இரண்டு ரான்சிஸ்ரர், புருவத்தில் கொஞ்சம்.
புரோப்பின் கழுத்திலிருந்த சின்ன ஆளியைப்
பத்தில் விட்டுவிட்டு,
இரைச்சல் பத்தில் ஒன்றாய்க் குறைந்ததென்று
ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாய் இருந்தேன்.

ஐந்து மில்லிசெக்கனுக்கு ஒரு கட்டம்.
அந்த அளவில்
அலை இரண்டு கட்டம் அகலமென்றால் பவர் சப்ளையில் குற்றம்,
நாலு கட்டமென்றால் வெளியிலிருந்து வருகிறது.
கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
எண்ணினேன். நாலு.
ரான்ஸ்போமரைக் கால்வட்டம் திருப்பி,
உள்ளே வருகிற வயரை முறுக்கி
மறுகரையால் கொண்டுபோனேன்.
திரை நிறைய நின்ற அலை
படுத்தது. இன்னும் படுத்தது.
கோட்டில் ஒரு சிலிர்ப்பு மட்டும் மிஞ்சிற்று.
நாற்பது மில்லிவோல்ட்டிலிருந்து இரண்டு.

சுபாகரன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்தான்.
"நிக்குது."
திரையைக் காட்டினேன்.
"நிக்குதக்கா."
பிளக்கைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தேன்.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"இப்பவும்," என்றான், மெதுவாக.

பிறகு ஏனென்று தெரியாது,
மேசையில் கிடந்த புரோப்பின் நுனியை
ஆள்காட்டி விரலால் தொட்டான்.
திரை மேலும் கீழும் நிரம்பிற்று.
அகலம் நாலு கட்டம்.
"பாத்தீங்களே!"
அவன் முகத்தில் வழக்கு வென்றவனின் வெளிச்சம்.

ஆர் தொட்டாலும் வரும், சுவரில் ஓடுகிற கரண்ட்,
உடம்பு அதைப் பிடிக்குது என்றேன்.
நம்பவில்லை.
"அப்ப நீங்க தொடுங்கோ."

தொட்டேன்.
என்னுடையது அவனுடையதைவிட
அரைக் கட்டம் உயரமாய் இருந்தது.
இன்னொருக்கா எண்ணினோம்.