எந்த வாய்க்கால்?

ஏப்ரல் இரண்டில் முள்ளியாற்றில் தண்ணீர் இருப்பதில்லை.
பாலத்துக்கு நீல விளக்கு போட்டிருந்தார்கள்.
மணல்மேல் விழுந்து கிடந்தது நீலம்.
அதில் நின்று ஓர் ஆடு
சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது.

ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்.
ஊர் விழித்துக்கொள்ள வேண்டுமாம்.
நான் நாலரைக்கே விழித்துவிட்டேன்,
ஒத்திகைக்குக் கட்டிய மைக்செட்டில்.

திருத்துறைப்பூண்டிப் பேருந்து நிலையத்திலிருந்து ஊர்வலம்.
முன்னால் பேண்டு வாத்தியம்.
சத்தம் தாங்காதவர்களுக்காக
அத்தனை சத்தமாக ஒரு நாள்.
கொடுத்த பனியனின் பிடரியில்
அளவு அச்சடித்த துணித்துண்டு
நெருஞ்சியாய்க் குத்திக்கொண்டே வந்தது
நகராட்சி வாசல் வரை.

மேடையில் இரண்டு சிறப்பு:
அவர் சிறப்பு விருந்தினர்,
நான் சிறப்புக் குழந்தை.
நாற்காலி ஒன்றுதான் போட்டிருந்தார்கள்.
'தையல்நாயகி ஒரு தெய்வக் குழந்தை' என்றார்.
எனக்கு முப்பத்து நான்கு வயது.
கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பார்க்கிறேன்.
கருவி பதினெட்டு காட்டினால் பதினெட்டுதான்.
அதைப் பதினேழாக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள்
ஒருவரும் என்னைத் தெய்வம் என்றதில்லை.

மேட்டூர் திறக்கவும் ஒரு நாள் உண்டு.
ஜூன் பன்னிரண்டு.
மதகில் பூத் தூவுவார்கள், படம் பேப்பரில் வரும்.
எங்கள் தெரு இன்னாசிமுத்து
பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
வாய்க்காலைப் பார்க்கப் போவார்.
தூர் வாரியிருந்தால் வரும்.
காட்டாமணக்கு மண்டிக் கிடந்தால்
மேலேயே எங்கோ தங்கிவிடும்,
பூவும் தண்ணீரும்.
நாங்கள் கடைமடை.

அதற்காக நாளே வேண்டாம் என்பேனா?
தேதி தெரியாமல்
நாற்றங்கால் எப்போது விடுவது?

கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி வந்தாள்,
தலைஞாயிற்றுக்காரி.
வேப்பமரத்தடியில் அதுவரை காத்து நின்றிருக்கிறாள்.
பையன் அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தான்.
'இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு
இன்னக்கித்தாங்க தெரியும்.
பேய் ஓட்ட நாலு ஊரு அலைஞ்சிட்டேன்.'
அவளுக்கு அந்த நீலம்
தண்ணீராகவே இருந்திருக்கும்.
அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

'பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்களா?' என்றாள்.
நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம்.
சேலை கட்டிய பெண்ணின் கன்னத்தின்மேல்
என் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
பையன் பேனாவை வாங்கி
மூடியைத் திறந்து மூடினான். திறந்து மூடினான்.
டிக். டிக்.
அன்று முழுக்க நான் கேட்டதில்
அந்த ஒரு சத்தம்தான் வலிக்கவில்லை.

மூன்றாம் தேதி காலை
ஏணி போட்டு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஜூன் பன்னிரண்டுக்கு எழுபது நாள்.
பள்ளிக்கூடம் அதற்கும் முன்பே திறந்துவிடும்.

அரைநாள் விடுப்பு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'தூர் வாருதல்' என்று போட்டேன்.
நேற்று முன்வரிசையில் நீலச் சட்டையோடு நடந்த
எங்கள் அதிகாரி
அதை இரண்டு முறை படித்தார்.
'என் கண்ணைப் பாத்துச் சொல்லும்மா.
எந்த வாய்க்கால்?'

அடுக்கிய சாக்குகளைப் பார்த்தபடி சொன்னேன்:
தலைஞாயிற்றில் ஒன்று.
பிறகு, இங்கேயும் ஒன்று.