இதர விஷயங்கள்

வாட்ஸோ நகரில் ஆகஸ்ட் தொடக்கத்தில்
இரவு ஒன்பதுக்கும் வெயில் அடிக்கும்.
கண் கூசுகிறது என்று சொல்லித்
திரையை இழுத்து மூடினார் தலைவி ஹால்கெர்ட்.

நிரலில் ஆறு உருப்படிகள்.
துறைமுகக் கட்டணம். பள்ளிப் பேருந்து.
சுவரொட்டிக்கு எந்த நீலம் என்று
நாற்பது நிமிடம்.
ஆறாவது, இதர விஷயங்கள்.
சுன்னிவா அங்கேதான் இருந்தாள்.

ஒன்றரைப் பக்கக் கடிதம்.
மாநாடு நடந்த விடுதியின் பெயர், தேதி,
மின்தூக்கி எந்த மாடியில் நின்றது,
அப்போது தோர்கெய்ரின் கை எங்கே இருந்தது.
அடைமொழி ஒன்றுகூட இல்லை.
பத்தொன்பது வருடமாக நான் இங்கே
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
அப்படி எழுத
எத்தனை முறை கிழித்துப் போட்டிருப்பாள்
என்று எனக்குத் தெரியும்.

தேர்தலுக்கு ஐந்து வாரம், என்றார் ஒருவர்.
அவரில்லாமல் இரண்டு இடம் போச்சு, என்றார் இன்னொருவர்.
போலீசுக்குப் போகட்டுமே, நாம் என்ன நீதிமன்றமா?

இல்லைதான்.
அவள் யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை.
அடுத்த வாரம் அதே மேடையில்
அவருக்குப் பூங்கொத்து நீட்டும் வேலையை
வேறு யாருக்காவது கொடுங்கள்
என்றுதான் கேட்டிருந்தாள்.

அவர் தரப்பையும் கேட்க வேண்டாமா, என்றார் ஓட்வின்.
வேண்டும். கட்டாயம் வேண்டும்.
ஆனால் எந்தக் காதால்?
ஜூன் மாதம் அவர் படகில்
நண்டு பிடிக்கப் போய்வந்த காதுகள்
அந்த மேசையைச் சுற்றி ஏழு ஜோடி.

எனக்கு வாக்கில்லை. அலமாரிச் சாவி உண்டு.
போன வருடம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சிக்கியபோது
இதே அறையில் இருபது நிமிடத்தில் எழுதிய அறிக்கை
மூன்றாம் தட்டில் இருந்தது.
"பாதிக்கப்பட்டவர் குரலுக்கு முன்னால்
பதவி பெரிதல்ல."
நல்ல தமுக்கடி. முழுதும் வாசித்தேன்,
பெயரை மட்டும் மாற்றி.
எப்போதும் இருமும் ஓட்வின்
அப்போது இருமவில்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால்
நல்லவளாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

கீழ்த்தட்டில் ஒன்பது வருடம் முந்திய ஏடு.
கையெழுத்து என்னுடையது.
"உறுப்பினர் ஒருவரின் மனத்தாங்கல்
பேசித் தீர்க்கப்பட்டது."
அந்த உறுப்பினர் மாரித்.
அந்த மனத்தாங்கலுக்கும் பெயர் தோர்கெய்ர்.
பேசியது நாங்கள்.
தீர்ந்துபோனது அவள்.
அடுத்த கூட்டத்திலிருந்து
அவள் நாற்காலியில் கோட்டுகளைப் போட்டோம்.

அதையும் வாசித்தேன். குரல் நடுங்கியது.
நடுக்கத்தைக் குறிப்பில் ஏற்ற வழியில்லை.

வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது.
முதல் பெயர் அவருடையது; அதை இனி அழிக்க முடியாது.
மேடையிலிருந்து இறக்கலாம்.
யாருடைய படகிலும் ஏறாத வழக்கறிஞர் ஒருவரைத்
துரோம்ஸோவிலிருந்து வரவழைத்து
இருவரையும் கேட்கச் சொல்லலாம்.
ஐந்துக்கு நான்கு.
அந்த ஒரு கை, ஹால்கெர்டின் கை,
மேலே போகுமுன்
மோதிரத்தை இரண்டு முறை திருகிக்கொண்டது.

சுன்னிவாவிடம் யார் சொல்வது என்ற கேள்விக்கு
எல்லோரும் காப்பிக் குடுவையைப் பார்த்தார்கள்.

சுருக்கமாக எழுது, என்றார் ஹால்கெர்ட் வாசலில்.
நீளமாக எழுதினேன். கிழமை, நேரம்,
யார் எந்தப் பக்கம், யார் கழிப்பறைக்குப் போனார்.
அடுத்த கூட்டத்தின் நிரலையும்
அன்றிரவே தட்டச்சு செய்தேன்.
ஒன்று, புகார்.
துறைமுகக் கட்டணம்
இதர விஷயங்களில்.

மாரித்தின் எண்ணை
யாரிடம் கேட்பது என்று
இன்னும் தெரியவில்லை.