இடது கால் இலவசம்

மைக் கட்டிய ஆட்டோவில்
பேரணாம்பட்டு முழுக்கக் கத்தியவன் நான்:
‘மாப்பிள்ளை வெறுங்கால்’! வயிறு வலித்தால்
கம்பெனி பொறுப்பல்ல!

யோசனையும் என்னுடையதுதான்.
முஷ்டாக் பாய் கடையில் இடது செருப்பு சும்மா.
வலது வேண்டுமா, டிக்கெட் வாங்கு,
இடைவேளையில் கேன்டீன் பக்கம் வா.

வியாழனுக்குள் நானூறு இடது காலி.
பாய் எனக்குப் பாதாம் பால் சொன்னார்.
பிரியாணிக்கடை ஷரீப்
அண்டா மூடியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டார்;
ஆவியில் ஹீரோ மூக்கு முதலில் கழன்றது.

வெள்ளி, சனி நன்றாகத்தான் சிரித்தார்கள்.
ஞாயிறு ஒரு பெரிய படம் வந்து
எங்களை இறக்கிவிட்டது.
வலதுகளை மூட்டையாகக் கட்டி
ஆபரேட்டர் ரூமில் பூட்டிய மேனேஜர் ஏகாம்பரம்
வாடகைப் பாக்கி என்கிறார்.

திங்களிலிருந்து ஆட்டோவை மறிக்கிறார்கள்.
“இன்னாபா, ஜோடி எங்க கீது?”
ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள்,
ஒரு காலில் புதுத் தோல், மற்றதில் பழைய ரப்பர்,
வஞ்சனையில்லாமல் திட்டுகிறார்கள்.

படத்தின் கடைசிக் காட்சியும் இதேதான்:
கல்யாண மண்டபமே ஒற்றைச் செருப்போடு
மாப்பிள்ளையைத் துரத்தும்.
தியேட்டர் அதிர்ந்தது அதற்கு.

நேற்று பஸ் ஸ்டாண்ட் அருகே நான் ஓடினேன்.
துரத்தியவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை.
டெய்லர் கடைப் பையன் மட்டும்
காஜா எடுப்பதை விட்டுவிட்டு
விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் இன்னும் படம் பார்க்கவில்லை.